கட்டணம் போனால் மட்டும் போதுமா?

தாய்க்கும் சேய்க்கும் இலவச மருத்துவம் – ஏழை நாடுகள் கற்ற பாடம்



உங்கள் குழுவின் உள்கடன் பதிவேட்டை ஒருமுறை புரட்டிப் பாருங்கள். கடன் வாங்கிய காரணம் எழுதும் இடத்தில் "மருத்துவச் செலவு" என்று எத்தனை தடவை வந்திருக்கிறது? மாடு வாங்க எடுத்த கடன் பால் கொடுத்து அடையும். தையல் மிஷினுக்கு எடுத்த கடனைத் தைத்து அடைக்கலாம். ஆஸ்பத்திரிக்கு எடுத்த கடன் எதையும் ஈன்று தராது. அதை அடைக்க நகையோ ஆடோ போகும். குழுவில் கிடைக்காதவர்கள் கந்து வட்டிக்காரரிடம் போவார்கள்.

இது நம் ஊர்க் கதை மட்டுமல்ல. ஆப்பிரிக்காவிலும் ஆசியாவிலும் பல ஏழை நாடுகளில், அரசு ஆஸ்பத்திரியிலேயே காசு கட்டினால்தான் வைத்தியம் என்ற நிலை பல ஆண்டுகள் இருந்தது. சில இடங்களில் இன்றும் இருக்கிறது. பிறகு சில நாடுகள் கர்ப்பிணிகளுக்கும் சின்னக் குழந்தைகளுக்கும் அந்தக் கட்டணத்தை எடுத்துவிட்டன. எடுத்தபின் நல்லதும் நடந்தது, சிக்கலும் வந்தது. அந்த அனுபவத்தைத்தான் இந்த இதழில் பேசப் போகிறோம். அங்கே நடந்ததில் நமக்கும் பாடம் இருக்கிறது.

கட்டணம் எப்படி வந்தது?

1980-களில் ஆப்பிரிக்க நாடுகள் பலவும் வெளிநாட்டுக் கடனில் மூழ்கியிருந்தன. ஆஸ்பத்திரிக்கு மருந்து வாங்க அரசிடம் பணம் இல்லை. கட்டடம் இருக்கும், நர்ஸ் இருப்பார், மருந்து அலமாரி காலியாக இருக்கும். 1987-ல் உலக வங்கி ஓர் அறிக்கை வெளியிட்டது. அரசு மருத்துவத்தைப் பயன்படுத்துகிறவர்களிடம் கட்டணம் வாங்கலாம் என்றது. அதே ஆண்டு மாலி நாட்டின் பமாக்கோ நகரில் ஆப்பிரிக்க சுகாதார அமைச்சர்கள் கூடினார்கள். உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃப்பும் துணை நின்றன. அங்கே உருவானதுதான் பமாக்கோ திட்டம்.

அந்தத் திட்டத்தின் அடிப்படை நமக்குப் புதிதல்ல. நம் சுழல் நிதி மாதிரிதான். முதல் தவணை மருந்தை வெளியிலிருந்து கொடுப்பார்கள். நோயாளிகள் மருந்துக்குக் காசு கொடுப்பார்கள். அந்தக் காசில் அடுத்த தவணை மருந்து வாங்க வேண்டும். ஊர்க் கமிட்டி ஒன்று கணக்கைப் பார்த்துக்கொள்ளும். நோக்கம் கெட்டதல்ல. சில இடங்களில் காலி அலமாரியில் மருந்து வந்தது உண்மை.

ஆனால் ஒரு வித்தியாசம் இருக்கிறது. சுழல் நிதியில் கடன் எடுக்கும் நாளை நாம் முடிவு செய்கிறோம். தொழில் பார்த்து, அறுவடை பார்த்து எடுக்கிறோம். நோய் அப்படிக் கேட்டுக்கொண்டு வருமா? கையில் காசில்லாத ஆடி மாதத்தில்தான் பிள்ளைக்குக் காய்ச்சல் வரும். காசு உள்ளவர் உடனே போவார். இல்லாதவர் "ரெண்டு நாள் பார்க்கலாம்" என்பார். அந்த ரெண்டு நாளில் காய்ச்சல் மூளைக்கு ஏறிவிடும்.

"சின்னத் தொகைதானே, அதைக்கூடக் கட்ட முடியாதா?"

இப்படிக் கேட்கிறவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. கூடவே, "இலவசமாகக் கொடுத்தால் அருமை தெரியாது, மூலையில் போட்டுவிடுவார்கள்" என்றும் சொல்வார்கள். கிழக்கு ஆப்பிரிக்காவின் கென்யா நாட்டில் இந்த இரண்டு பேச்சையும் சோதித்துப் பார்த்தார்கள்.

முதலாவது, பள்ளிப் பிள்ளைகளுக்குப் பூச்சி மாத்திரை. இலவசமாகக் கொடுத்த பள்ளிகளில் 100 பிள்ளைகளில் 75 பேர் மாத்திரை எடுத்துக்கொண்டார்கள். வேறு சில பள்ளிகளில் மிகச் சிறிய கட்டணம் வைத்தார்கள். அங்கே 100-க்கு 20 பேர்கூட எடுத்துக்கொள்ளவில்லை.

இரண்டாவது, கர்ப்பிணிகளுக்கு மலேரியாவைத் தடுக்கும் மருந்திட்ட கொசு வலை. இதன் முடிவு 2010-ல் வெளிவந்தது. சும்மா கொடுத்த இடத்தில் கிட்டத்தட்ட எல்லாரும் வாங்கினார்கள். வலையின் உண்மையான விலையில் பத்தில் ஒரு பங்கு போல ஒரு சின்ன விலை வைத்ததும், வாங்குகிறவர்கள் 100-க்கு 60 பேர் குறைந்துபோனார்கள். சரி, காசு கொடுத்து வாங்கியவர்களாவது அதிக அக்கறையாகப் பயன்படுத்தினார்களா? அதுவும் இல்லை. சும்மா வாங்கியவர்களும் அதே அளவுக்கு வலையைக் கட்டித்தான் தூங்கினார்கள்.

ஆகவே சகோதரிகளே, சின்னக் கட்டணம் சின்னத் தடை அல்ல. கூலி கிடைத்த அன்று 20 ரூபாய் சின்னத் தொகை. கூலி இல்லாத அன்று அது அரிசிக் காசு.

"ரொம்ப ஏழைக்கு மட்டும் விலக்கு" – ஏன் நடக்கவில்லை?

கட்டணம் வைத்த நாடுகள் பலவும் "ஏழைகளுக்கு விலக்கு உண்டு" என்று எழுதித்தான் வைத்தன. நடைமுறையில் மூன்று தடைகள் வந்தன.

ஒன்று, யார் ஏழை என்று சொல்வது யார்? வரிசையில் நிற்கிறவரைப் பார்த்து கவுன்டரில் இருப்பவர் முடிவு செய்ய வேண்டியிருந்தது.

இரண்டு, அந்த ஆஸ்பத்திரியே கட்டணத்தை நம்பித்தான் மருந்து வாங்கியது. ஒருவரை விட்டுக்கொடுத்தால் அந்த நஷ்டத்தை ஈடுகட்ட யாரும் இல்லை. அதனால் விலக்குக் கொடுக்க அவர்களுக்கே மனம் வரவில்லை.

மூன்று, "என்கிட்ட காசில்லை" என்று பத்துப் பேர் முன்னால் சொல்லக் கூச்சம். அதற்கு வீட்டிலேயே கிடப்போம் என்று இருந்துவிட்டார்கள்.

இதன் கொடுமையான முடிவு புருண்டி என்ற நாட்டில் தெரிந்தது. ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் என்ற மனித உரிமை அமைப்பு 2006-ல் ஓர் அறிக்கை வெளியிட்டது. ஆஸ்பத்திரிக் கட்டணம் கட்ட முடியாதவர்களை வீட்டுக்கு அனுப்பாமல் அங்கேயே அடைத்து வைத்திருந்தார்கள். அறுவை செய்து பிள்ளை பெற்ற தாய்மார்களும் அதில் இருந்தார்கள். பச்சை உடம்போடு, கைக்குழந்தையோடு, யாராவது பணம் கொண்டுவரும் வரை வாரக்கணக்கில் காத்துக் கிடந்தார்கள். பிள்ளை பிறந்த இடமே அவர்களுக்குச் சிறையாகிப் போனது.

அதே 2006 மே மாதத்தில் புருண்டி அரசு, பிரசவமும் 5 வயதுக்குட்பட்ட குழந்தைகளின் வைத்தியமும் இலவசம் என்று அறிவித்தது. அறிவிப்பு திடீரென்று வந்தது. ஆஸ்பத்திரிகள் தயாராக இல்லை. கூட்டம் குவிந்தது, மருந்து தீர்ந்தது, ஊழியர்கள் திணறினார்கள். கட்டணத்தை எடுக்க ஒரு நாள் போதும். அதைத் தாங்கும் ஏற்பாட்டுக்குப் பல மாதம் வேண்டும். பிற்பாடு, ஆஸ்பத்திரி செய்த வேலைக்கு ஏற்ப அரசு பணம் கொடுக்கும் முறையோடு இதைச் சேர்த்தார்கள்.

யாருக்கு இலவசம்? மூன்று வழிகள்

எல்லாருக்கும் எல்லாம் கொடுக்கப் பணம் இல்லாத நாடு, யாரிடம் தொடங்க வேண்டும்? நாடுகள் வேறு வேறு வழியில் போயின.

முதல் வழி, வயதையும் நிலையையும் வைத்து. தென்னாப்பிரிக்காவில் 1994-ல் நெல்சன் மண்டேலா குடியரசுத் தலைவராக வந்த சில வாரங்களிலேயே, கர்ப்பிணிகளுக்கும் 6 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கும் அரசு மருத்துவம் இலவசம் என்று அறிவித்தார். மேற்கு ஆப்பிரிக்காவின் புர்கினா ஃபாசோ நாடு 2016 ஏப்ரலில் கர்ப்பிணிகளுக்கும் 5 வயதுக்குட்பட்டவர்களுக்கும் இதைச் செய்தது. இந்த வழியில் சர்டிபிகேட் தேவையில்லை. வயிறும் பிள்ளையுமே சாட்சி. யாரும் கூச்சப்பட வேண்டியதில்லை.

இரண்டாம் வழி, அரசு ஆஸ்பத்திரியில் எல்லாருக்கும். உகாண்டா 2001-ல் இதைச் செய்தது. பெரிய ஆஸ்பத்திரிகளில் காசு கட்டும் தனிப் பிரிவை மட்டும் விட்டுவைத்தது. ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்கள் பெருகினார்கள், குறிப்பாக ஏழைகள். ஆனால் பின்னால் நடந்த ஓர் ஆய்வு இன்னொன்றையும் சொன்னது. ரொம்ப ஏழைக் குடும்பங்களை முழுக வைக்கும் பெரிய மருத்துவச் செலவு குறையவில்லை. காரணங்களில் ஒன்று, ஆஸ்பத்திரியில் மருந்து இல்லாததால் வெளிக் கடையில் வாங்க வேண்டி வந்தது. உள்ளே மிச்சமானது வெளியே செலவானது.

மூன்றாம் வழி, பட்டியல் போட்டு. கம்போடியாவில் 2000-ம் ஆண்டு முதல் இதற்கென்று தனி நிதி வைத்தார்கள். ஏழை நோயாளி வந்தால் அவருடைய கட்டணத்தை அந்த நிதி ஆஸ்பத்திரிக்குக் கட்டிவிடும். பல இடங்களில் பயணச் செலவும் சாப்பாட்டுச் செலவும் கொடுத்தார்கள். ஆஸ்பத்திரிக்கு நஷ்டம் இல்லை, அதனால் ஏழையைத் திருப்பி அனுப்பவும் காரணம் இல்லை. யார் ஏழை என்று கண்டுபிடிக்க, ஊர்க்காரர்களே வீடு வீடாகக் கேட்டுப் பட்டியல் எழுதி, ஊர் பார்க்க ஒட்டி, ஆட்சேபம் கேட்டு, பிறகு அட்டை கொடுத்தார்கள். புது வாழ்வுத் திட்டத்தில் மக்கள் நிலை ஆய்வு செய்தவர்களுக்கு இது நன்றாகப் புரியும். பட்டியலில் விட்டுப்போனவர் பாடு என்னவாகும் என்பதும் புரியும்.

சியரா லியோன்: முன்கூட்டியே தயாரான நாடு

மேற்கு ஆப்பிரிக்காவில் கடலோரத்தில் உள்ள சின்ன நாடு சியரா லியோன். 1991 முதல் 2002 வரை உள்நாட்டுப் போர். ஆஸ்பத்திரிகள் இடிந்து கிடந்தன. ஐ.நா. மதிப்பீட்டின்படி 2000-ம் ஆண்டில் அங்கே 1 லட்சம் பிரசவத்துக்கு 1,600-க்கும் மேல் தாய்மார்கள் இறந்தார்கள். ஒப்பிட்டுப் பார்க்க, தமிழ்நாட்டில் 2018–20 கணக்கெடுப்பில் இது 54.

2010 ஏப்ரல் 27, அந்த நாட்டின் சுதந்திர தினம். அன்று முதல் கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள், 5 வயதுக்குட்பட்ட குழந்தைகள் ஆகியோருக்கு அரசு மருத்துவம் இலவசம் என்று குடியரசுத் தலைவர் எர்னெஸ்ட் பாய் கொரோமா தொடங்கி வைத்தார். பாராட்ட வேண்டியது அந்த விழாவை அல்ல, அதற்கு முந்தைய மாதங்களில் செய்த வேலையை.

மருந்து: கூட்டம் வரும் என்று தெரிந்து, யுனிசெஃப் மூலம் முன்கூட்டியே மருந்து வரவழைத்தார்கள்.

சம்பளம்: நர்ஸ்களுக்கும் டாக்டர்களுக்கும் சம்பளம் மிகவும் குறைவு. நோயாளி கொடுக்கும் காசில்தான் பலர் பிழைத்தார்கள். "எங்க வயித்துக்கு வழி சொல்லாம இலவசம்னா எப்படி?" என்பது அவர்கள் கேள்வி. 2010 மார்ச்சில் வேலைநிறுத்தம் செய்தார்கள். அரசு சம்பளத்தைப் பெரிய அளவில் உயர்த்தியது. பிரிட்டன் அரசும் குளோபல் ஃபண்ட் என்ற சர்வதேச நிதியமும் சம்பளத்துக்கு உதவின.

கணக்கு: சம்பளப் பட்டியலைச் சரிபார்த்தபோது வேலைக்கே வராத, ஆளே இல்லாத பெயர்கள் நூற்றுக்கணக்கில் இருந்தன. அவற்றை நீக்கினார்கள். யார் வேலைக்கு வருகிறார் என்று வருகைப் பதிவு பார்க்கத் தொடங்கினார்கள்.

பலன் உடனே தெரிந்தது. தொடங்குவதற்கு முந்தைய ஆண்டில் 5 வயதுக்குட்பட்ட குழந்தைகளை ஆஸ்பத்திரிக்குக் காட்ட வந்த தடவைகள் சுமார் 9 லட்சம். முதல் ஆண்டில் அது சுமார் 29 லட்சம் ஆனது, அதாவது மூன்று மடங்கு. அந்தப் பிள்ளைகள் முன்பும் இருந்தார்கள், நோயும் இருந்தது. காசில்லாமல் வீட்டில் கிடந்தவர்கள் இப்போது கணக்கில் வந்தார்கள், அவ்வளவுதான்.

ஆஸ்பத்திரியில் பிரசவம் 2008 கணக்கெடுப்பில் 100-க்கு 25. 2013-ல் 54. 2019-ல் 83. நடுவில் 2014–16-ல் எபோலா நோய் வந்து அந்த நாட்டில் ஏறத்தாழ 4,000 பேரைக் கொண்டுபோனது. ஆஸ்பத்திரிப் பக்கம் போகவே மக்கள் பயந்த காலம் அது. அதையும் தாண்டித்தான் இந்த ஏற்றம். ஐ.நா. மதிப்பீட்டில் 2020-ம் ஆண்டுக்கான தாய் இறப்பு 1 லட்சத்துக்கு 450-க்குக் கீழே வந்திருந்தது. இதெல்லாம் கட்டணம் நீக்கியதால் மட்டும் வந்தது என்று சொல்ல முடியாது. போர் முடிந்ததும் வேறு திட்டங்களும் சேர்ந்துதான் இது நடந்தது. ஆனால் கதவைத் திறந்தது கட்டண நீக்கம்.

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி இடம் கொடுக்கணும்

திட்டம் தொடங்கி ஒரு வருடம் கழித்து, 2011-ல், ஆம்னஸ்டி இன்டர்நேஷனல் அமைப்பு சியரா லியோன் பெண்களிடம் கேட்டு அறிக்கை எழுதியது. இலவசம் என்று சொன்ன இடத்திலும் பல பெண்களிடம் காசு வாங்கியிருந்தார்கள். மருந்து பல இடங்களுக்குப் போய்ச் சேரவில்லை. புகார் சொல்ல சரியான இடமும் இல்லை.

இதற்கு அங்குள்ள மக்கள் அமைப்புகள் ஒரு வேலை செய்தன. ஹெல்த் ஃபார் ஆல் கோயலிஷன் என்ற கூட்டமைப்பு ஊர் ஊராகக் கண்காணிப்பாளர்களை வைத்தது. வந்த மருந்து எவ்வளவு, ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தது எவ்வளவு, யாராவது காசு கேட்டார்களா என்று அவர்கள் பார்த்தார்கள். நாம் குழுவில் வரவு செலவு பார்க்கிறோமே, அதே வேலைதான்.

இங்கே ஒரு விஷயத்தைப் பிரித்துப் பார்க்க வேண்டும். காசு கேட்கிற ஊழியர் எல்லாரும் பேராசைக்காரர் இல்லை. சம்பளம் மாதக்கணக்கில் வராதவர், கையுறைகூட ஸ்டாக்கில் இல்லாதவர், ஒரே ஆளாக நாற்பது பேரைப் பார்க்கிறவர் என்று பலர் உண்டு. பஞ்சும் கையுறையும் வாங்கக் காசு கேட்பது வேறு, பிள்ளை முகம் காட்டக் காசு கேட்பது வேறு. முன்னதுக்கு அரசிடம் போராட வேண்டும். பின்னதுக்குப் புகார் கொடுக்க வேண்டும். இரண்டையும் ஒன்றாக்கினால் நல்ல நர்ஸம்மாவையும் பகைத்துக்கொள்வோம்.

மூன்று தாமதங்கள்

பிரசவத்தில் தாய் இறப்பதற்குக் காரணம் பெரும்பாலும் தாமதம்தான். அதை மூன்றாகப் பிரித்து 1994-ல் இரண்டு ஆய்வாளர்கள் எழுதினார்கள். இன்றும் பயிற்சிகளில் அதைத்தான் சொல்லித் தருகிறார்கள்.

முதல் தாமதம்: போகலாமா வேண்டாமா என்று வீட்டில் முடிவு எடுக்கும் தாமதம். காசு, மாமியார் சம்மதம், வீட்டுக்காரர் வரட்டும் என்று காத்திருப்பது எல்லாம் இதில் வரும்.

இரண்டாம் தாமதம்: வண்டி, ரோடு, ஆறு தாண்டி ஆஸ்பத்திரி போய்ச் சேரும் தாமதம்.

மூன்றாம் தாமதம்: போய்ச் சேர்ந்த பிறகு டாக்டர், ரத்தம், மருந்து கிடைக்காமல் காத்திருக்கும் தாமதம்.

கட்டணத்தை நீக்கினால் முதல் தாமதத்தில் ஒரு பகுதி தீரும். மற்ற இரண்டும் தானாகத் தீராது. கூட்டம் கூடுவதால் மூன்றாவது இன்னும் அதிகமாகவும் ஆகலாம். கட்டணம் போனால் மட்டும் போதாது என்று சொல்வது இதனால்தான். அதற்காகக் கட்டணம் இருக்கட்டும் என்று அர்த்தம் இல்லை. கதவு திறந்தால்தான் உள்ளே என்ன குறை என்றே தெரியும்.

நமக்கு என்ன இருக்கிறது?

நம் மாநிலத்தில் ஆரம்ப சுகாதார நிலையத்தில் காசு கட்டாமல் மருந்து கிடைப்பதை நாம் சாதாரணமாக நினைக்கிறோம். அதற்குப் பின்னாலும் ஓர் ஏற்பாடு இருக்கிறது. 1994-ல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் தொடங்கப்பட்டது. அது மாநிலம் முழுமைக்கும் மொத்தமாக மருந்து வாங்கி, தரம் சோதித்து, மாவட்டக் கிடங்கில் வைக்கிறது. நம் பேங்க் பாஸ்புக் போல ஒவ்வொரு ஆஸ்பத்திரிக்கும் ஒரு பாஸ்புக் முறை வைத்தார்கள். தனக்கு ஒதுக்கிய தொகைக்குள் வேண்டிய மருந்தை எடுத்துக்கொள்ளலாம். மருந்து இருப்பதால்தான் இலவசம் என்ற சொல்லுக்கு அர்த்தம் இருக்கிறது. உகாண்டாவில் குறைபட்டது இதுதான்.

2011 ஜூனில் மத்திய அரசு ஜனனி சிசு சுரக்‌ஷா என்ற திட்டத்தைத் தொடங்கியது. அதன்படி அரசு ஆஸ்பத்திரியில் கர்ப்பிணிக்கு உரியவை இவை:

• சுகப்பிரசவம், அறுவைப் பிரசவம் இரண்டும் இலவசம்
• மருந்து, ரத்தப் பரிசோதனை, ஸ்கேன், தேவைப்பட்டால் ரத்தம் இலவசம்
• தங்கும் நாளில் சாப்பாடு: சுகப்பிரசவம் என்றால் 3 நாள், அறுவை என்றால் 7 நாள் வரை
• வீட்டிலிருந்து ஆஸ்பத்திரிக்கும், பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினால் அங்கேயும், முடிந்தபின் வீட்டுக்கும் வண்டி
• நோய்வாய்ப்பட்ட பச்சிளங்குழந்தைக்கும் இலவச சிகிச்சை. முதலில் 30 நாள் வரை இருந்ததைப் பிறகு ஒரு வயது வரை நீட்டினார்கள்

இது யாரும் தரும் தானம் அல்ல. தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். இது நம் வரிப்பணத்தில் வாங்கிய மாடு. நன்றாகப் பல்லைப் பிடித்துப் பார்க்கலாம்.

அடுத்த குழுக் கூட்டத்தில் பேசுங்கள்

இதைப் படிக்கத் தெரிந்த உறுப்பினர் மற்றவர்களுக்கு வாசித்துக் காட்டவும். பிறகு கீழ்க்கண்டவற்றைப் பேசி, தீர்மானப் புத்தகத்தில் எழுதவும்.

1. கடந்த ஓர் ஆண்டில் நம் குழுவில் மருத்துவத்துக்கு எடுத்த உள்கடன் எவ்வளவு? அதில் அரசு ஆஸ்பத்திரிக்குப் போயும் செலவான தொகை எவ்வளவு? எதற்குச் செலவானது: வண்டிக்கா, வெளிக்கடை மருந்துக்கா, ஸ்கேனுக்கா, கையில் கொடுத்ததற்கா?

2. நம் ஊரில் இப்போது கர்ப்பமாக இருப்பவர்கள் யார் யார்? வலி எடுத்தால் யார் 108-க்குப் போன் செய்வது, யார் துணைக்குப் போவது, வீட்டில் மற்ற பிள்ளைகளை யார் பார்ப்பது? இப்போதே பெயர் எழுதி வையுங்கள்.

3. இருக்கிற உரிமையைக் கேட்டு வாங்கத் தயங்குகிற வீடு எது? வெளியூரிலிருந்து வந்து செங்கல் சூளையில் தங்கியிருக்கும் குடும்பம், தனித்து வாழும் பெண், மாற்றுத் திறனாளித் தாய் ஆகியோரை மறக்க வேண்டாம். இவர்கள் பெரும்பாலும் எந்தக் குழுவிலும் இருப்பதில்லை.

4. மருந்து இல்லை என்று வெளியே எழுதிக் கொடுத்தால், அந்தச் சீட்டைத் தூக்கிப் போடாதீர்கள். தேதியோடு ஊக்குநரிடம் கொடுங்கள். ஒரு சீட்டை யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள். இருபது குழுக்களின் சீட்டை ஒன்றாகச் சேர்த்துக் கூட்டமைப்பு கொண்டுபோனால், மருத்துவ அலுவலர் பதில் சொல்லியாக வேண்டும். 104 எண்ணிலும் புகார் சொல்லலாம்.

5. நம் சுகாதார நிலையத்தில் நர்ஸ் பணியிடம் காலியாக இருக்கிறதா? பிரசவ அறையில் தண்ணீர் வருகிறதா? அவர்களுக்கு வேண்டியதையும் கேட்டு, கிராம சபையில் தீர்மானமாகக் கொண்டு வாருங்கள்.

சியரா லியோன் தாய்க்கும் நமக்கும் நடுவில் கடல் இருக்கிறது, மொழியும் வேறு. ஆனால் ஆஸ்பத்திரி வாசலில் இடுப்புப் பையைத் தடவிப் பார்க்கிற அந்தக் கை ஒன்றுதான். உரிமையைச் சட்டத்தில் எழுதுவது அரசு. அது பிரசவ அறை வரை வந்து சேர்ந்ததா என்று பார்ப்பது நம் வேலை. உங்கள் குழு பேசியதைக் கூட்டமைப்பு மாதக் கூட்டத்தில் சொல்லுங்கள். எல்லாக் குழுக்களின் சீட்டுகளையும் அங்கே ஒன்றாகச் சேர்ப்போம்.